முள் 100, போன் 93: எதை நம்புவது?

பெரம்பலூரான்:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி சின்னதுதான். ஆனால் ஒரு மாதமாக வீட்டில் இதே பஞ்சாயத்து.

என்னுடையது 2014 மாடல் டீசல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனி பேரைச் சொல்லவில்லை. சொன்னால் கேள்வியை விட்டுவிட்டு எந்தக் கம்பெனி உசத்தி என்று ஆரம்பித்துவிடுவீர்கள். மாதம் இரண்டு தடவை பெரம்பலூரிலிருந்து சென்னைக்குப் போய்வருவேன். வழி தெரிந்ததுதான் என்றாலும் டிராபிக் பார்க்க ஏசி துவாரத்தில் ஸ்டாண்ட் மாட்டி போனில் மேப் ஓட விடுவது வழக்கம். அதன் மூலையில் வேகம் காட்டும் வட்டத்தை இத்தனை நாள் கவனித்ததில்லை. போன மாதம் தொழுதூர் தாண்டி ரோடு காலியாக இருந்தது. கார் ஸ்பீடோமீட்டரின் முள் சரியாக 100இல் நிற்கிறது, போன் 93 என்கிறது. கொஞ்ச நேரம் பார்த்தேன். 93, 92, 93. அதற்கு மேல் ஏறவே இல்லை.

பக்கத்து சீட்டில் இருந்த மனைவியோ, "105இல் போகிறீர்கள், குறையுங்கள்" என்கிறாள். ஆக ஒரே காரில் மூன்று வேகம்.

இத்தோடு விட்டிருக்கலாம். போன வாரம் மச்சான் காரில் ஏறினேன். அதே கம்பெனி, அதே மாடல், என்னுடையதைவிட ஒரு வருடம் புதிது. அவர் முள் 100இல் இருக்கும்போது என் போன் 96 காட்டியது. அதே போன், அதே ரோடு. "உன் மீட்டர் போச்சு மாப்ளே" என்று சிரிக்கிறார்.

ஊரில் ஒரு மீட்டர் கடையில் கேட்டேன். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், "போர்டையே மாத்தணும் சார், எட்டாயிரம் ஆகும்" என்றார். போன் காட்டுவதைச் சொன்னதற்கு, "சக்கரத்தோட ஒட்டி இருக்கிறதை நம்ப மாட்டீங்க, ஆகாசத்துல இருக்கிறதை நம்புவீங்களா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டேன்.

அவர் கேட்டதுதான் என் கேள்வியும். எதை நம்புவது? ஒரே மாடலில் இரண்டு கார் எப்படி வேறு வேறு காட்டும்? எட்டாயிரம் செலவு செய்ய வேண்டுமா?

பழைய மெக்கானிக்:

தம்பி, முதலில் அந்த எட்டாயிரத்தைப் பத்திரமாக வையுங்கள்.

முள் கூடுதலாகக் காட்டுவது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்து அனுப்புகிறார்கள். குறைத்துக் காட்டினால்தான் கவலைப்பட வேண்டும். நான் தொழில் பழகிய காலத்தில் கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் சுற்றிக்கொண்டே மீட்டருக்கு வரும். மீட்டருக்குள் அது ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தத்தை மூடினாற்போல் ஒரு அலுமினியக் கிண்ணம், அதோடு முள், முள்ளைப் பின்னுக்கு இழுக்க முடி மாதிரி ஒரு ஸ்பிரிங். காந்தம் கிண்ணத்தைத் தொடவே தொடாது, ஆனாலும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். கேபிள் காய்ந்தால் முள் பேய் பிடித்த மாதிரி ஆடும், கிரீஸ் விட்டால் அடங்கும். அந்த ஸ்பிரிங் தளர்ந்தால் காட்டுகிற வேகம் மாறிப்போகும். உங்கள் காரில் அதெல்லாம் கிடையாது. சென்சார் தருகிற துடிப்பை எண்ணி, மோட்டார் முள்ளை நகர்த்துகிறது. அப்படிப்பட்டது 93க்கு 100 என்று ஒரே சீராகக் காட்டினால் அது கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை.

மச்சான் கார் விஷயத்துக்கு வருவோம். இரண்டு காரின் டயர் ஓரத்திலும் எழுதியிருப்பதை அப்படியே படித்து இங்கே போடுங்கள். கம்பெனி கொடுத்த அளவு டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும், அதையும் பாருங்கள். உங்கள் டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதும் வேண்டும். மீட்டருக்குத் தெரிந்ததெல்லாம் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான். ஒரு சுற்றில் எவ்வளவு தூரம் போனது என்பது கம்பெனியில் எழுதிவைத்த கணக்கு. அது டயரைப் பொறுத்து மாறும்.

கம்பியில்லாதவன்:

பெரியவர் சொன்னது சரி. ஆகாயம் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பத்து வருடமாக ஜிபிஎஸ் கருவிகளோடுதான் பிழைப்பு.

மேப்பில் நம் புள்ளி சில நேரம் ரோட்டை விட்டு வயலில் நிற்கும். ஐந்து, பத்து மீட்டர் தள்ளிக் காட்டும் கருவி வேகத்தை மட்டும் எப்படிச் சரியாகச் சொல்லும் என்ற சந்தேகம் நியாயமானதே. ஆனால் இரண்டு இடத்தைக் குறித்துக்கொண்டு இடையில் உள்ள தூரத்தை நேரத்தால் வகுத்து மட்டும் வேகம் வருவதில்லை. செயற்கைக்கோள் அனுப்பும் அலையின் அதிர்வெண் 1575.42 மெகாஹெர்ட்ஸ், ஒரு அலையின் நீளம் 19 சென்டிமீட்டர். நாம் அதை நோக்கிப் போனால் அதிர்வெண் ஒரு துளி கூடும், விலகிப் போனால் ஒரு துளி குறையும். பிளாட்பாரத்தில் நிற்கும்போது நிற்காமல் போகிற ரயிலின் ஹாரன் நம்மைத் தாண்டியதும் சட்டென்று தணிகிறதே, அதே டாப்ளர் விளைவுதான். செயற்கைக்கோள் எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது ஏற்கெனவே தெரியும். அதைக் கழித்துவிட்டால் மிச்சம் நம் வேகம். திறந்த வெளியில், சீரான ஓட்டத்தில் நல்ல போன் மணிக்கு அரை கிலோமீட்டர்கூடத் தப்பாது. திரையில் முழு எண்ணாகக் காட்டுவதால்தான் உங்களுக்கு 92, 93 என்று மாறி மாறி வந்திருக்கும்.

மயங்கும் இடங்களும் உண்டு. வேகம் கூட்டும்போதும் பிரேக் போடும்போதும் போன் ஒன்றிரண்டு நொடி பின்தங்கும், அந்த நேரத்தில் ஒப்பிடவே கூடாது. மேம்பாலத்துக்கு அடியிலும் சுரங்கப் பாதையிலும் காட்டுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். கொல்லிமலையின் 70 ஊசி வளைவில் போய் மீட்டர் சோதிக்கிறேன் என்று கிளம்பினால் முள், போன், உங்கள் உயிர் மூன்றுமே சந்தேகம்தான். மற்றபடி மேடு பள்ளத்தால் வரும் பிழையைப் பெரிதாக நினைக்க வேண்டாம். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் ஏறுகிற செங்குத்தான ரோட்டில்கூட அது அரை சதவீதம்தான்.

இப்போது சட்டம். ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன விதி ஐரோப்பா உட்படப் பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. முள் காட்டும் வேகம் உண்மை வேகத்தைவிட ஒருபோதும் குறையக் கூடாது. கூடலாம், ஆனால் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கோடு 4 கிலோமீட்டர் சேர்த்த அளவுக்கு மேல் கூடாது. அதாவது உண்மையில் 80இல் போகும்போது முள் 80 முதல் 92 வரை எதையும் காட்டலாம். உங்கள் பக்கமிருந்து திருப்பிப் போட்டால், முள் 100இல் நிற்கும்போது உண்மை வேகம் 87க்குச் சற்று மேலிருந்து 100 வரை எங்கும் இருக்கலாம். உங்கள் 93 நடுவில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் இடம் விட்டால் தயாரிப்பாளர் என்ன செய்வார்? எல்லைக்கோட்டில் நிற்காமல் கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்பார். புது டயர், பெரிய டயர், சென்சார் பிழை எது வந்தாலும் முள் உண்மைக்குக் கீழே இறங்கிவிடக் கூடாதே.

உங்கள் வீட்டம்மா சொன்ன 105 பொய்யில்லை. முள்ளுக்கும் அதன் பின்னால் உள்ள எண் தட்டுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. இடது சீட்டிலிருந்து சாய்வாகப் பார்த்தால் முள் வலப்பக்கம் நகர்ந்து தெரியும். உங்கள் மீட்டரில் 100 உச்சிக்குக் கிட்டே இருக்குமானால், வலப்பக்கம் என்பது கூடுதல் வேகம்.

மெல்பர்ன்வாசி:

அண்ணா, இங்கே 2006 ஜூலைக்கு முன் விதி வேறு மாதிரி இருந்தது. மீட்டர் மேலேயும் கீழேயும் பத்து சதவீதம் வரை தப்பலாம். அந்தக் காலத்துக் கார் ஒன்றை வந்த புதிதில் வாங்கி ஓட்டினேன். முள் 100 என்றால் உண்மையில் 103. அதுதான் பயம். உங்களுடையது உங்களை மெதுவாகப் போக வைக்கிறது, என்னுடையது என்னை மாட்டிவிடப் பார்த்தது. புது மாடல்களுக்கு இப்போது மேலே சொன்ன ஐ.நா. விதிதான்.

இங்கே சில நெடுஞ்சாலைகளில் மீட்டரைச் சரிபார்ப்பதற்கென்றே கிலோமீட்டர் அளந்து வரிசையாகப் பலகை நட்டிருக்கிறார்கள். நம் ஊரில் மைல்கல் இருக்கிறதே, போன் இல்லாமலும் அதை வைத்துப் பார்த்துவிடலாம். ஒரு கிலோமீட்டரை 60 நொடியில் கடந்தால் 60, 45 நொடியில் கடந்தால் 80, 40 நொடி என்றால் 90. 3600ஐ நொடியால் வகுத்தால் போதும்.

பெரம்பலூரான்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை ஆறு மணிக்கே கிளம்பினோம். எட்டாவது படிக்கும் மகள் முன் சீட்டில், கையில் என் போன். மனைவி பின் சீட்டில், கையில் நோட்டு, முகத்தில் இதற்கு ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்ததா என்ற கேள்வி. பெரம்பலூர் தாண்டி வடக்கே இடதுபுற வரிசையில், முள்ளை ஒரு வேகத்தில் நிறுத்தி அரை நிமிடம் பிடித்துக்கொள்வது, அப்புறம் மகள் போனைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வது என்று ஏற்பாடு. என் காரில் குரூஸ் கண்ட்ரோல் கிடையாது. முள்ளை அசையாமல் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. லேசான ஏற்றம் வந்தாலே கால் தானாக அழுத்துகிறது.

முள் 60, போன் 55. முள் 80, போன் 74. முள் 100, போன் 93. ஒவ்வொன்றும் மூன்று தடவை பார்த்தோம். ஒரே ஒரு தடவை 80க்கு 73 வந்தது.

அப்புறம் மைல்கல். முள்ளை 80இல் வைத்துக்கொண்டேன், மகள் ஸ்டாப் வாட்சை ஓடவிட்டாள். முதல் கிலோமீட்டர் 49 நொடி. இரண்டாவது 52. மூன்றாவது 45! வண்டியின் வேகம் மாறவே இல்லை. "அப்பா, உங்க கால்தான் சரியில்லை" என்றாள். போன் நடுவில் 74ஐ விட்டு அசையவில்லை என்பதும் அவளே சொன்னதுதான். நான்காவதும் ஐந்தாவதும் 49, 49. திரும்பி வந்து அந்த நடுக் கல்லின் பக்கம் வண்டியை ஓரம் கட்டிப் பார்த்தேன். கல் ஒரு சின்னப் பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி நிற்கிறது. அளந்த இடம் பாலத்துக்கு நடுவில் வந்திருக்கும், தள்ளி நட்டுவிட்டார்கள் போல. அந்த 52இல் கூடிய மூன்று நொடியும் 45இல் குறைந்த நான்கு நொடியும் அதனால்தான் வந்திருக்க வேண்டும். எனவே தனித்தனியாகப் பார்க்காமல் ஐந்து கிலோமீட்டரையும் சேர்த்துக்கொண்டேன்: 244 நொடி. வகுத்தால் 73.8. போன் சொன்ன 74!

இருபதாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிற செயற்கைக்கோளும் ரோட்டோரம் நிற்கும் கல்லும் ஒரே பதிலைச் சொன்னபோது உடம்பு கொஞ்சம் சிலிர்த்தது, மறைக்கவில்லை. மனைவி நோட்டை மூடிவிட்டு, "டிபன் எங்கே?" என்றாள்.

இன்னொன்று. கார் கம்ப்யூட்டரில் செருகி போனில் பார்க்கும் ஓபிடி பிளக் ஒரு நண்பரிடம் இருந்தது, வாங்கி வந்தேன். முள் 100 காட்டும்போது அது 94 என்றது. ஆக காருக்கே தெரியும், முள் ஆறு கிலோமீட்டர் கூட்டிச் சொல்கிறது என்று! ஆனால் கம்ப்யூட்டர் 94, போன் 93. அந்த ஒரு கிலோமீட்டர் எங்கே போனது என்பது புரியவில்லை.

டயர்: என் காரில் 185/65 ஆர்15. கதவு ஸ்டிக்கரிலும் அதுதான். மச்சானுடையது 195/65 ஆர்15. ஆறு மாதம் முன் மாற்றினாராம், கொஞ்சம் அகலமாக இருந்தால் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும் என்று. என் டயரின் பள்ளத்தை மகளின் ஜியாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலால் அளந்தால் 1 மிமீ என்று வந்து பகீர் என்றது. பிறகுதான் கவனித்தேன், அந்த ஸ்கேலில் பூஜ்யம் ஓரத்தில் இல்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. டிவைடர் முனையைப் பள்ளத்தில் விட்டு, நகத்தால் குறித்து, வெளியே எடுத்து அளந்தேன். 3 மிமீ.

பழைய மெக்கானிக்:

சபாஷ் தம்பி, கணக்கு முடிந்தது. பேப்பர் எடுத்துக்கொள்ளுங்கள்.

185 என்பது டயரின் அகலம், 65 என்பது அதில் எத்தனை சதவீதம் பக்கவாட்டு உயரம் என்பது. 185இல் 65 சதவீதம் 120 மிமீ. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 240. ரிம் 15 இன்ச், அதாவது 381 மிமீ. மொத்தம் 621. மச்சானுக்கு 195இல் 65 சதவீதம் 127, இரண்டு பக்கமும் 253, ரிம்மோடு 634. பதின்மூன்று மிமீ பெரிய சக்கரம், நூற்றுக்கு இரண்டு. அகலம்தானே என்று மாற்றியவர் உயரத்தையும் சேர்த்து வாங்கிவிட்டார். அகலம் கூட்டும்போது 65ஐக் குறைத்து 60 போட்டிருந்தால் உயரம் இவ்வளவு ஏறியிருக்காது, கொஞ்சம் இறங்கியே இருக்கும்.

உங்களுடையது புதிதாக இருந்தபோது பள்ளம் 8 மிமீ சுமாருக்கு இருந்திருக்கும். இப்போது 3. ஐந்து போய்விட்டது, மேலும் கீழும் சேர்த்துப் பத்து. 621இல் பத்து என்றால் நூற்றுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். உங்கள் 94க்கும் 93க்கும் நடுவில் காணாமல்போன கிலோமீட்டர் இந்தத் தேய்மானம்தான். கம்ப்யூட்டர் இன்னும் புது டயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. இந்த ஒன்றரையையும் மச்சானின் இரண்டையும் கூட்டுங்கள், சுமார் மூன்றே முக்கால் சதவீதம். 93ஐ அந்த அளவு கூட்டினால் 96 வரும். இரண்டு மீட்டரும் நன்றாகவே இருக்கின்றன. வேறாக இருப்பது சக்கரம்.

1.6 மிமீயில் டயர் பள்ளத்துக்குள் ஒரு சின்னத் திட்டு தெரியும், அது மட்டத்துக்கு வந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும். மழைக்காலம் வருகிறது, நான் என்றால் இப்போதே மாற்றுவேன். கதவு ஸ்டிக்கரில் உள்ள அளவையே போடுங்கள். போட்டபின் முள் 100க்குப் போன் 94 காட்டும், பயப்படாதீர்கள்.

கம்பியில்லாதவன்:

ஒரு வால். முள் கூட்டிக் காட்டுவதால் ஓடிய கிலோமீட்டரும் கூட்டிக் காட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கூட்டுவது பெரும்பாலும் முள்ளுக்கு மட்டும்தான், தூரம் கம்ப்யூட்டரின் அசல் கணக்கிலிருந்தே வரும். டயர் வித்தியாசம் மட்டும் தூரத்தைப் பாதிக்கும். ஐம்பது கிலோமீட்டர் மைல்கல்லை எண்ணி ஓட்டிப் பாருங்கள், உங்கள் மீட்டர் 50.8 காட்ட வேண்டும், மச்சானுடையது 49.

2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார் வைத்திருப்பவர்கள், 80 தாண்டினால் ஒலிக்கும் எச்சரிக்கை எந்தெந்த வேகத்தில் ஆரம்பிக்கிறது என்று முள்ளையும் போனையும் சேர்த்துப் பார்த்து எழுதுங்கள். எனக்கே தெரிந்துகொள்ள ஆசை.

பெரம்பலூரான்:

நேற்று சென்னை போகும்போது பார்த்தேன். ஐம்பது கல்லுக்கு 50.8. புள்ளி பிசகவில்லை.

மீட்டர் கடைக்குப் போகப்போவதில்லை, அந்தப் பணத்தில் டயர் வாங்குகிறேன். 185/65தான்.

ஆனால் இதில் எனக்கு ஒரு சங்கடம் வந்திருக்கிறது. என் கார் லிட்டருக்கு 22.4 தருகிறது என்று மச்சானிடம் ஆறு மாதமாகப் பீற்றிக்கொண்டிருக்கிறேன். புது டயர் போட்டதிலிருந்து அவருடையது 20க்கு மேல் வரவில்லை என்று அவர் புலம்பல். என் மீட்டர் தூரத்தைக் கூட்டிச் சொல்கிறது, அவருடையது குறைத்துச் சொல்கிறது. சரியாகப் போட்டால் எனக்கு 22, அவருக்கு 20.4. 2.4 ஆக இருந்த வித்தியாசம் 1.6 ஆகிவிட்டது.

அவர் இந்தப் பக்கம் வர மாட்டார் என்று நம்புகிறேன். யாரும் அனுப்பிவைக்காதீர்கள்.